இடம் சொன்னவருக்குத் தலை

எங்கள் காரில் எப்போதும் உள்ளிப்பூண்டு மணக்கிறது. கறிக்கு வாங்கி, பையிலிருந்து உருண்டு இருக்கைக்கு அடியில் போன உள்ளி அல்ல. பிளாஸ்டிக் புழுவின் மணம் அது. ஆறங்குல நீளம், கத்தரிக்காய் நிறம், உடம்பெல்லாம் மினுக்கம், தொட்டால் விரலில் வழுக்கும். ஒரு பைக்குள் பத்துப் புழு. மீனுக்கு உள்ளி மணம் பிடிக்கும் என்று யாரோ கண்டுபிடித்து அதை அந்தப் பிளாஸ்டிக்கிலேயே சேர்த்து வார்த்திருக்கிறார்கள். மீனைப் பிடித்துவந்து உள்ளி தட்டிப்போட்டுக் காய்ச்சுவதுதான் நானறிந்த வழக்கம். இங்கே உள்ளியை மீனுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் புறப்பட்டு காரில் ஏறியதும் என் மனைவி ஜெசிந்தா முதல் வேலையாகக் கண்ணாடியை இறக்குவாள். "கோயிலுக்குப் போறமோ, கறிச்சட்டிக்குள்ள இருக்கிறமோ தெரியேல்லை," என்பாள்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கத்தான் போகிறார்கள். சிரியுங்கள். மன்னார்த் தீவின் வடகரையில், மூன்று தலைமுறையாகக் கடலை நம்பிச் சீவித்த வீட்டில் பிறந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஐம்பத்தைந்து வயதில், மொன்றியலின் மேற்கு மூலையில், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெண்மணியிடம் தூண்டில் கொழுக்கியில் புழுக் கோர்க்கப் பழகினேன். இதை என் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, திரும்ப ஒருதரம் சொல்லச் சொன்னான். பிறகு, "அப்பர் இல்லாதது நல்லதாப் போச்சு," என்றான்.

அந்தப் பெண்மணியின் பெயர் நிக்கோல். பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீடு. பன்னிரண்டு வருடமாக எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இடுப்பளவு செடிவேலி ஒன்றுதான். என் பெயர் அன்ரனி. அவர் முதல் நாளே என்னை அன்த்துவான் ஆக்கிவிட்டார், நானும் மறுக்கவில்லை. ஒரு பனிக்காலத்தில் அவர் வழுக்கி விழுந்து தோளை முறித்துக்கொண்டபோது அவர் வாசல் பனியையும் சேர்த்து நான் அள்ளினேன். அதற்குப் பதிலாக இறைச்சி அடைத்த தூர்த்தியேர் ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்து தந்தார். தந்த இடத்தில் நின்றபடியே, உன் நாட்டில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். மீன் பிடித்தோம் என்றேன். அவர் முகம் மாறிய விதத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடமும் நான் ஏதோ பெரிய சொத்தை மறைத்துவைத்திருந்ததைப்போல் என்னைப் பார்த்தார். அவருடைய வண்டிக் கொட்டிலில் ஒரு சலூப் இருந்தது. சலூப் என்றால் இங்கே சிறிய அலுமினியப் படகு. ஜூன் மாதக் கடைசியில் பாஸ் மீன் பிடிக்க அனுமதி தொடங்கும், அதற்கு முன் உனக்குக் கொழுக்கி வாங்க வேண்டும் என்று அங்கேயே நாள் குறித்துவிட்டார்.

கடையின் பின்சுவர் முழுக்கக் கொழுக்கி. தலைக்கு மேலிருந்து முழங்கால் வரை சிறு சிறு பைகளில் தொங்கியது. ஊரில் கொழுக்கி வாங்குவது உப்பு வாங்குவது மாதிரி. நம்பரைச் சொன்னால் கடைக்காரர் எண்ணிக் கடதாசியில் சுற்றித் தருவார். இரண்டு கூடுதலாக விழுந்தால் அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். இந்தச் சுவருக்கு முன்னால் எனக்குத் தலை சுற்றியது. நிக்கோல் என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு பகுதிக்கு இழுத்துப் போனார். பாசி பிடிக்காத கொழுக்கிகள் மட்டும் தொங்கும் பகுதி அது. "நம்முடைய ஆறு முழுக்கப் புல்லும் பாசியும் விழுந்த மரமும். பாஸ் அதற்குள்தான் படுத்திருக்கும். சும்மா கொழுக்கியைப் போட்டால் புல்லைத்தான் இழுப்பாய். அன்றிரவு சலாட்தான் சாப்பாடு," என்றார்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒன்றில் முள்ளின் கூருக்கு முன்னால் மெல்லிய கம்பி ஒன்று காவல் நிற்கும். புல் தட்டினால் தள்ளிவிடும், மீன் கடித்தால் வளைந்து கொடுக்கும். புழுவை நடுவில் குத்தித் தொங்கவிடுவதற்கு அது. இன்னொன்று நேரான தண்டு; அடர்ந்த புல்லுக்குள் நேரே இறக்குவதற்கு. மூன்றாவதுதான் எங்களுக்கு வேண்டியது. கழுத்தில் இரண்டு முறை மடிந்து, வயிறு அகன்றிருக்கும். புழுவின் தலையில் கூரைக் குத்தி, கொஞ்சத்தில் வெளியே எடுத்து, கழுத்து மடிப்பு வரை இழுத்து, திருப்பி, புழுவின் உடம்பினூடாகக் குத்தி, கூரை அதன் தோலுக்கு அடியில் மறைத்துவிட வேண்டும். கொழுக்கியின் இரண்டு முனையும் புழுவுக்குள் ஒளிந்துகொள்ளும். மீன் கவ்வும்போது புழு நசியும், கூர் வெளியே வரும். புழு மொத்தம், அதாவது தடிப்பு என்றால் வயிறு அகன்ற கொழுக்கி வேண்டும், இல்லாவிட்டால் நசிந்த புழு முழுவதும் உள்ளே அடைத்துக்கொண்டு கூருக்கு வெளியே வர இடம் விடாது. மெல்லிய புழுவுக்கு அகன்றதைப் போட்டால் கொழுக்கி வெளியே தொங்கிக்கொண்டு புல்லை வாரும். நான் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, சுவரில் இருந்ததிலேயே மொத்தமான, பெரிய கொழுக்கியை எடுத்தேன். நிக்கோல் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் தொங்கவிட்டார். "ஆற்றில் சுறா இல்லை, அன்த்துவான்."

அதோடு விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் குறடு ஒன்றை எடுத்து, வாங்கிய கொழுக்கி ஒவ்வொன்றிலும் எதிர்முள்ளை நசுக்கத் தொடங்கினார். கொழுக்கியின் கூருக்குப் பின்னால், எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு குட்டி முள் நிற்கும். குத்திய மீன் கழன்று போகாமல் பிடித்துவைப்பது அதுதான். அதைப் புத்தம் புதுக் கொழுக்கியில் நசுக்கினார். என் அப்பா எதிர்முள் தேய்ந்த பழைய கொழுக்கிகளை எறிய மாட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிழலில் குந்தியிருந்து சின்ன அரத்தால் ராவி ராவி அதைத் திரும்பக் கூராக்கிவிடுவார். படகுக்கு அருகில் வந்து கழன்று போகும் மீன் எங்கள் வீட்டு ஒருநேரச் சாப்பாடு. ஏன் நசுக்குகிறீர்கள் என்று நிக்கோலிடம் கேட்டேன். திரும்ப விடும்போது மீனுக்கு நோகாமல் இருக்க என்றார். திரும்ப விடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு என் பிரெஞ்சு அப்போது வளர்ந்திருக்கவில்லை. அது நல்லதுக்குத்தான்.

முதல் இரண்டு வாரமும் நான் பாதிப் புழுக்களைத்தான் பிடித்தேன். ஊரில் நாங்கள் போட்டது கைத்தூண்டில். தங்கூசி என்ற நைலோன் நூல் சுட்டுவிரலில் கிடக்கும். கீழே மீன் தட்டினால் தட்டிய கணமே சுண்ட வேண்டும். யோசித்தால் இரை போய்விடும். அந்தச் சுண்டல் என் விரலில் இருந்ததே தவிர மூளையில் இருக்கவில்லை. முப்பது வருடம் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி தூக்கியும் அது போகவில்லை. இங்கே முள் புழுவுக்குள் ஒளிந்திருப்பதால் மீன் நன்றாகக் கவ்வும்வரை பொறுக்க வேண்டும். தட்டினால் தூண்டில் தடியைக் கொஞ்சம் இறக்கி, தளர்ந்த நூலைச் சுற்றி எடுத்து, பிறகுதான் இழுக்க வேண்டும். நான் உடனே சுண்டுவேன். வால் அறுந்த புழு பறந்துவந்து நிக்கோலின் மடியில் விழும். "உன் ஊரில் மீன்களுக்கு அவ்வளவு அவசரமா?" என்பார். அவசரம் எங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

அப்படி ஒரு நாள் சலூப்பை நடு ஆற்றில் நிறுத்திவிட்டு அவர் ஒரு கதை சொன்னார். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம்; காற்று வேறு. வெள்ளம் வந்த வருடத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று விளங்கியது. நிலவறை முழுக்கத் தண்ணீர் நின்றது, கல்கரியில் இருக்கும் மகன் வீட்டை விற்கச் சொன்னது, இவரும் விற்கச் சம்மதித்தது எல்லாம் விளங்கியது. பிறகு ஒரு பெரிய மீன் வந்தது. கைகளை அகல விரித்துக் காட்டினார். மேலுதட்டின் இடதுபக்கத்தைத் தொட்டு ஏதோ சொன்னார்; கொழுக்கி பிடித்த இடத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் இல்-பிசார் தீவின் கரையைக் காட்டினார். அங்கே ஒரு வில்லோ மரம் பாதி தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது. அதற்கு அடியில்தான் என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது, காற்றினால் என்று நினைத்தேன். அவர் சொன்ன அவ்வளவு நீளக் கதையிலும் என் காது பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது அந்த மரத்தைத்தான்.

எங்கள் கரையில் யாரும் யாருக்கும் இடம் சொல்ல மாட்டார்கள். எங்கே மீன் பட்டது என்று கேட்டால் வடக்கே போனவன் தெற்கைக் காட்டுவான். கூடப் பிறந்தவனுக்கும் அதே பதில்தான். அப்படியிருக்க ஒருவர் உங்களைத் தனியே இருத்தி, இன்ன இடத்தில் பெரிய மீன் கிடக்கிறது என்று சொன்னால், காணியில் பாதி எழுதித் தந்த மாதிரி. அதற்கு ஒரு மரியாதையும் இருந்தது. சொன்ன இடத்தில் மீன் பட்டால், தலை சொன்னவருக்கு. பச்சையாகக் கொடுப்பதில்லை, குழம்பு வைத்து, எங்கள் வீட்டில் யாரும் கை வைக்குமுன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒருமுறை அம்மாவின் அண்ணன், எங்கள் சூசை மாமா, அப்பாவுக்குக் கடலடியில் மீன் அடையும் பாறைத்திட்டு ஒன்றை, பார் என்போம், சொல்லிக்கொடுத்தார். அடுத்த நாள் அங்கே என் தொடையளவு கலவாய் பட்டது. அம்மா சட்டியைத் துணியால் சுற்றி, தலையில் வைத்து, ஒழுங்கை நெடுகப் பெருமையோடு நடந்து போனா. நாங்கள் வீட்டில் வாலும் நடுத்துண்டும் வைத்துக்கொண்டு, மாமா வீட்டிலிருந்து வெற்றுச் சட்டி திரும்பும்வரை காத்திருந்தோம். நல்லா இருந்தது என்று மாமா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அந்தப் பார் இரண்டு வீட்டுக்கும் பொது. மாமாவும் இல்லை, அந்தப் பாருக்கு இப்போது யார் போகிறார்கள் என்றும் தெரியவில்லை.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை நிக்கோல் தன் தங்கையைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். நான் விடியவே றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பாலத்தைக் கடந்து, கரை வழியாக அந்த வில்லோ மரத்தடிக்குப் போனேன். நிக்கோல் தந்த எதிர்முள் நசுக்கிய மெல்லிய கொழுக்கிகள் பெட்டிக்குள் இருந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. அவருக்குத் தெரியாமல் திரும்பவும் கடைக்குப் போய் வாங்கிவைத்த அந்த மொத்தமான பெரிய கொழுக்கியைக் கட்டினேன், எதிர்முள்ளோடு. மரத்தின் கொப்புகளுக்கு நடுவில், புல்லுக்கு மேலாகப் புழுவைப் போட்டு மெல்ல இறக்கினேன். மூன்றாவது தரம் இறக்கியபோது நூலில் தட்டியது. டக், டக். விரல் துடித்தது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி முதல் வரி முடியும்வரை என் கையை நானே பிடித்துவைத்திருந்தேன். பிறகு இழுத்தேன்.

என்ன சந்தோசம் என்று எழுத எனக்கு வரவில்லை. தண்ணீரைப் பிளந்துகொண்டு அது மேலே எழும்பித் தலையை உதறியது. கலவாயின் சொந்தக்காரன் மாதிரி அகன்ற வாய், பச்சை முதுகு, விலாவில் கறுத்த கோடு. மரத்துக்குள் ஓடப் பார்த்தது. தடியை வளைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, தமிழில் கத்தினேன். கரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெடியன் நின்று கைதட்டினான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் செய்த எந்த வேலைக்கும் யாரும் கைதட்டியதில்லை. கரையில் போட்டு அளந்தேன். சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மேலுதட்டின் இடதுபக்கத்தில் ஒரு பழைய கிழிசல் இருந்தது. கண்டேன். வயதான மீனில் எப்படியும் ஒரு காயம் இருக்கும், அதை யார் பார்த்தார்கள்?

ஜெசிந்தாவை எழுப்பிப் புளி கரைக்கச் சொன்னேன். ஆற்று மீன் என்பதால் மஞ்சளும் தேசிக்காயும் போட்டு இரண்டு தரம் கழுவினாள். வெந்தயம், கறிவேப்பிலை, கெட்டித் தேங்காய்ப்பால். தலையை இரண்டாகப் பிளக்காமல் முழுசாக வைத்தாள். பின்னேரம் நிக்கோலின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும், குழம்பிலிருந்து தலையைப் பெரிய கறிக்கோப்பைக்கு மாற்றி, மூடி, துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முப்பது வருடமாக இந்த நாட்டில் வாங்கிக்கொண்டே இருந்தவன், அன்றைக்குத்தான் முறையாக ஒன்று கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பு. நடையே மாறிவிட்டது என்று ஜெசிந்தா பிறகு சொன்னாள்.

நிக்கோல் வாசலிலேயே மூடியைத் திறந்தார். சிரித்துக்கொண்டுதான் திறந்தார். குனிந்து மணம் பிடித்தார். பிறகு நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். ஒரு விரலால் குழம்பை விலக்கி அந்த உதட்டைத் தொட்டார்.

"எங்கே பிடித்தாய்?"

"நீங்கள் சொன்ன இடம்தான்," என்றேன் பெருமையாக. "வில்லோ மரத்தடி."

"ஏழு வருடம்," என்றார். "ஏழு வருடமாக நான் இவளைப் பிடித்து, பிடித்து விடுகிறேன்."

அவர் கத்தவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் காலால் கதவைச் சாத்தினார், மெதுவாக. அந்தப் படியில் நின்றபோதுதான் அன்று சலூப்பில் காற்றோடு போன மீதிக் கதை எனக்கு ஒழுங்காகச் சேர்ந்தது. வெள்ளம் வடிந்த பிறகு, வீட்டை விற்பதற்கு முன் கடைசித் தடவை என்று ஆற்றுக்குப் போனவருக்கு அதே மரத்தடியில் அதே உதடு கிழிந்த மீன் பட்டிருக்கிறது. இவ்வளவு வெள்ளத்திலும் நீ இங்கேதான் இருந்தாயா என்று அதைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, விற்கவில்லை என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறார்.

அரைமணி நேரம் கழித்து, எங்கள் சமையலறை ஜன்னலால் பார்த்தேன். நிக்கோல் தக்காளிச் செடிகளுக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் குழி கிண்டிக்கொண்டிருந்தார். கோப்பையைக் கவிழ்த்தார், மண்ணைத் தள்ளி மூடினார். எனக்குக் குற்ற உணர்வு வரவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், ஆத்திரம்தான் வந்தது. தலைக்குழம்பு! என் அம்மா தலையில் சுமந்துகொண்டு போன மரியாதை அது. "மண்ணுக்குள்ள கொட்டிப்போட்டா, பார்த்தியா?" என்று கத்தினேன்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்துவிட்டு, தட்டில் சோற்றைப் போட்டாள். "கொட்டுறதெண்டால் குப்பைத்தொட்டி வாசல்லதானே நிக்குது. அதை விட்டிட்டு, முறிஞ்ச தோளோட ஏன் மினக்கெட்டுக் கிண்டிப் புதைக்கிறா?"

"பிழையான வேலை ஒண்டும் நான் செய்யேல்லையே. இடம் சொன்னவ, தலையைக் குடுத்தன்," என்றேன்.

"அவ உங்களுக்கு இடம் சொல்லேல்லையப்பா. தன்ர கதையைச் சொன்னவ."

அன்றைக்கு அந்த மீனில் எனக்கு ஒரு துண்டும் இறங்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க வேலிக்கு இரண்டு பக்கமும் வெறும் போன்ஜூர்தான். முன்பெல்லாம் 'சலு, அன்த்துவான்' என்று கூப்பிட்டு, குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வரும் நேரத்துக்குள் பத்துக் கதை சொல்வார். இப்போது தபால்காரருக்குச் சொல்வதுபோல் போன்ஜூர். கழுவித் துடைத்த கோப்பை மறுநாளே எங்கள் படியில் இருந்தது. வெறுமையாக. எனக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரு மீனைத் திரும்ப விடும் உரிமை வயிறு நிறைந்தவர்களுக்குத்தான் உண்டு என்று எனக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். சண்டைக் காலத்தில் கடலில் இறங்கத் தடைபோட்டிருந்த மாதங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. வீட்டிலிருந்து நாற்பது அடியில் கடல். கரையில் நின்று பார்த்தால் மீன் துள்ளுவது தெரியும். படகுகள் மணலில் வெடித்துக் கிடக்கும். அம்மா கத்தரிக்காயை மீன்துண்டு மாதிரி வட்டமாக, தடிப்பாக வெட்டி, மீனுக்குப் போடும் அதே புளியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சி, "முள்ளுப் பார்த்துத் தின்னுங்கோ," என்று சொல்லிப் பரிமாறுவா. நாங்களும் பகிடியாக முள் எடுத்தோம். அப்பா மட்டும் சிரிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அப்படி இருந்துவிட்டு வந்தவனிடம் போய் மீனை விடு என்றால் கை எப்படி விடும்?

ஆனால் வாதாட வாதாட வேறொன்றும் விளங்கிக்கொண்டு வந்தது. நாங்கள் கடற்கரையை விட்டு வெளிக்கிட்டபோது, திரும்பி வந்தால் நாங்கள் விட்டது விட்ட இடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் மன்றாடினோம். எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் போனபோது சூசை மாமாவின் ஒழுங்கையையே என்னால் அடையாளம் காண முடியவில்லை. நிக்கோலுக்கு மட்டும், வெள்ளத்துக்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும், விட்ட இடத்திலேயே ஒன்று இருந்திருக்கிறது. அதை நான் புளிபோட்டுக் காய்ச்சிவிட்டேன். இது விளங்கிய நாளிலிருந்து எனக்கு நிக்கோலின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கும் பிரெஞ்சுச் சொல் தெரியும். தொழிற்சாலையில் யாரையாவது இடித்துவிட்டால் சொல்லும் சொல் அது. இதற்கு அது போதாது.

செப்டம்பரில் அந்தச் சுவருக்கு முன்னால் தனியே போய் நின்றேன். ஒரு புழுவைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு கொழுக்கியாக அதன் பக்கத்தில் பிடித்து அளந்தேன். வயிறு புழுவின் உடம்பைத் தாண்டி இவ்வளவுதான் இருக்க வேண்டும், கம்பி இவ்வளவு மெல்லிசாக இருந்தால்தான் கொஞ்சம் இழுத்தாலும் ஏறும், கழுத்து மடிப்பு புழுவின் தலைக்குள் முழுதாக மறைய வேண்டும். கடைப் பெண் இரண்டு தரம் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டாள். உள்ளி மணத்தோடு ஒருவன் முக்கால்மணி நேரம் நின்றால் கேட்கத்தானே வேண்டும். வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் வைத்து, குறட்டால் எதிர்முள்ளை நசுக்கினேன். முதல் கொழுக்கியில் கை வழங்கவில்லை. அப்பா அரத்தால் ராவும் சத்தம் காதுக்குள் கேட்டது. "மன்னியுங்கோ அப்பா," என்று வாய்விட்டே சொல்லி நசுக்கினேன்.

அவற்றில் ஒன்றைப் புழுவில் கோர்த்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிக்கோலின் கதவைத் தட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். புழு நேராகக் கிடக்கிறதா என்று பார்த்தார். தோலுக்கடியில் கூரை விரலால் தேடி, வெளியே எடுத்து, எதிர்முள் இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். மூன்று தரம் தடவினார்.

"யார் தேர்ந்தெடுத்தது?"

"நான்தான்."

"அளவு சரி," என்றார். கூரைத் திரும்பவும் புழுவுக்குள் மறைத்து என் கையில் வைத்தார். "சனிக்கிழமை. ஏழு மணி. கோப்பி நீ கொண்டு வா."

வில்லோ மரத்தின் பக்கம் நாங்கள் போகவில்லை. எதிர்க்கரையில், புல்தீவு ஒன்றின் ஓரத்தில் நிறுத்தினோம். நான் கோப்பியை ஊற்றிக் கொடுத்தேன். பிறகு என் நூலில் தட்டியது. பொறுத்தேன், இழுத்தேன், பட்டது. முன்னதைவிடச் சின்னது, ஆனாலும் நல்ல மீன். சலூப்பின் ஓரத்தில் குனிந்து, கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்து, கொழுக்கியைத் திருப்பினேன். நசுக்கிய கொழுக்கி வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வந்தது. "கையை நனைத்துக்கொள்," என்றார் நிக்கோல். நனைத்தேன். மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தேன். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் விரல் விரியவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒரு நல்ல மீனைத் திரும்ப விட்டதில்லை. நிக்கோல் அவசரப்படுத்தவில்லை. தன் தடியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன். விட்ட பிறகும் அது போகவில்லை, என் உள்ளங்கையிலேயே செவுளை அசைத்தபடி கிடந்தது. பிறகு வாலை ஒரு அடி அடித்து, என் முகத்தில் தண்ணீரை வீசிவிட்டுப் புல்லுக்குள் போனது.

"எட்டுத் துண்டு. தலை வேறை," என்று என் வாய் தானாகக் கறிக்குக் கணக்குச் சொன்னது.

"என்ன சொன்னாய்?"

"போய் வா என்று சொன்னேன், எங்கள் மொழியில்."

நிக்கோல் சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். எழுந்து நின்று, மீன் போன பக்கம் கையை ஆட்டி, "எத்துத் துந்து, தலே வேரே," என்று அன்போடு கூப்பிட்டுச் சொன்னார். நான் திருத்தவில்லை. இப்போதெல்லாம் அவர் விடும் ஒவ்வொரு மீனுக்கும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறார். நான் பக்கத்தில், நனைந்த கையோடு, சொல்ல முடியாத பசியோடு இருக்கிறேன்.